பத்து யூரோத் தாளின் பின்புறம்

என் ஐரோப்பா
பத்து யூரோத் தாளின் பின்புறத்தில்
பெரிய வரைபடத்துக்குக் கீழே
பெட்டிக்குள் கிடக்கிறது,
கடுகு சிந்தியதுபோல் ஒரு புள்ளி.
கண்ணைச் சுருக்கினால் தெரியும்.
அந்தக் கடுகைச் சுற்றித்தான்
மஞ்சள் பேருந்தில்
சனி ஞாயிறு போய்வருகிறேன்.

லியோனில் படிக்கும் நிலவழகி
வெள்ளி இரவு ஏறி
விடியலில் மிலானில் காப்பி குடிக்கிறாள்.
போன வாரம் ஜெனீவா.
அடுத்த வாரம் பார்சிலோனா.
‘நாலு நாடு முடிச்சாச்சு, நீ?’ என்கிறாள்.
நான் எண்ணிப் பார்த்து எழுதுகிறேன்:
‘ஐந்து புனிதர்கள்.
சேன் போல், சேன் லூ, சேன் பியேர்,
சேன் ஜோசப், சேன் ஆந்த்ரே.
நான் குடியிருப்பதே சேன் தெனியின் மடியில்.
இந்தத் தீவில் வழி தவறினாலும்
ஒரு புனிதரிடம்தான் போய்ச் சேரணும்.’

காரைக்காலில் அம்மா
தெருவுக்கே சொல்லி வைத்திருக்கிறாள்,
பொண்ணு பிரான்ஸில் என்று.
‘குளிருதா?’
சனவரி வெயிலில்
மூஃபியா மேட்டை ஏறியபடி,
சட்டை முதுகில் ஒட்ட,
‘ம், குளிருது’ என்றேன்.
இரண்டு ஸ்வெட்டர் அனுப்பிவிட்டாள்.

சிலாவோஸ் போகும் பாதைக்கு
நானூறு வளைவாம்.
போலந்துக்காரி ஹானியா
விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.
நூற்றுப் பன்னிரண்டில் வாந்தி.
மிச்ச வளைவுகளை
யாரும் எண்ணவில்லை.
மேலே இறங்கினால்
பேசும்போது வாயிலிருந்து புகை!
உடனே அழைத்தேன்:
‘அம்மா, குளிருதும்மா, நிஜமா.’
‘அதான் அன்னைக்கே சொன்னியே’ என்றாள்.
ஸ்வெட்டர்கள் இரண்டும்
விடுதி அலமாரியில் இருந்தன.

ஜூனில் ஒரு ஞாயிறு.
ஹானியாவுக்குக் காய்ச்சல். தனியாகப் போனேன்,
எரிமலை கடலுக்கு இறங்கும் பக்கம்.
சாலையை வெட்டிக் கிடக்கும் கருங்குழம்பின் அருகே
பலகை நட்டு ஆண்டு எழுதியிருக்கிறார்கள்,
பள்ளியில் பிறந்த தேதி எழுதுவதுபோல.
2007.
எனக்கு அப்போது நாலு வயது.
இன்னும் மழை பட்டால் ஆவி விடுகிறது.
பாசி மட்டும் ஏறத் தொடங்கியிருக்கிறது,
பூனைமீசை அளவுக்கு.
படம் எடுத்து நிலவழகிக்கு அனுப்பினேன்:
‘உன் பக்கம் எல்லாமே கிழடு.
இங்கே பார்,
என்னைவிட நாலு வயது சின்ன ஐரோப்பா.’
அவள் பதிலில் ஒரு தேவாலயம்.
எத்தனையாவது நூற்றாண்டு என்று
நான் கேட்கவில்லை.

சின்னதைப் பார்த்து நின்றதில்
கடைசிப் பேருந்து போய்விட்டது.
கரும்புக்கும் கடலுக்கும் நடுவே
நாற்பது நிமிடம் நடந்தேன்.
ஒரு பிக்கப் வண்டி நின்றது.
கண்ணாடியில் ஆடும் மாரியம்மன்,
அவளுக்குப் பக்கத்தில்
கால்பந்துக் குழுவின் கொடி.
‘ஜோயல் வெலாயுடோம்’ என்று
கை நீட்டினார்.
எனக்குள் இருந்த வாத்தியார் எழுந்துவிட்டார்.
‘அது வெலாயுடோம் இல்லீங்க,
வேலாயுதம்’ என்றேன்,
என் உடைந்த பிரெஞ்சில்.
அவர் கியரை மாற்றினார்.
‘வேலாயுதம் கப்பலில் வந்தவர்.
கரும்பு வெட்டினார், செத்துப்போனார்.
நான் வெலாயுடோம்.
குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறேன்.’
சிரித்துக்கொண்டே
வானொலியைக் கூட்டினார்.
திருத்தப் போனவள்
சீட் பெல்ட்டைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

சேன் பெனுவாவில் இறக்கிவிட்டார்.
பத்து யூரோவை நீட்டினேன்.
வாங்காமல், அதன் மேலேயே
ஒரு பை சிவப்புக் கொய்யாவை வைத்தார்,
கோலிக்குண்டு அளவில், வாயைக் கூசவைக்கும் புளிப்பு.
பேருந்தில் பாதியைத் தின்றேன்.
மீதி பைக்குள் நசுங்கியது.

திங்கள் காலை, பொருளியல் தேர்வு.
அதற்கு முன்னால் உணவகத்தில்
காப்பிக்கு அந்தத் தாளைக் கொடுத்தேன்.
வரைபடத்தின் கீழே, பெட்டியின் ஓரத்தில்
சிவப்பாய் ஒரு கறை.
காசுக்காரம்மா
நகத்தால் சுரண்டினாள்.
‘மதாம், மெல்ல’ என்றேன்.
எதற்கென்று புரியாமல்
என்னை ஒருமுறை பார்த்தாள்.
அந்த நகத்துக்கு அடியில்தான்
வெலாயுடோம் இருக்கிறார்,
ஹானியா காய்ச்சலோடு தூங்குகிறாள்,
கருங்குழம்பு ஆவி விடுகிறது,
தேர்வுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.