இடப்பக்கம் மட்டும்

ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டிக்கு
வரைபடத்தில் ஒரே கோடு.
அதில் பஸ் போகிறது, லாரி போகிறது,
ஜவ்வரிசி மூட்டை ஏற்றிய டெம்போ போகிறது.
நடப்பவர் போகலாமா என்று கேட்டால்
கோடு பேசாமல் இருக்கிறது.

இரண்டு வழி உண்டு, முனவ்வர்.
சாலையின் விவரத்தில் ஒரு சொல் சேர்க்கலாம்:
நடைபாதை, இரு பக்கமும்.
அல்லது இடப்பக்கம் மட்டும். அல்லது இல்லை.
வேண்டாமென்றால் தனிக் கோடாகவே வரையலாம்,
சாலையை ஒட்டி, மெல்லிசாக.
முதலாவதற்கு அரை நிமிடம்.
இரண்டாவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை என்றாய்.
கடையை அரை ஷட்டர் இறக்கிவிட்டு வந்தாய்,
போன் ஸ்க்ரீன் ஒட்டிய பசை
விரலில் காயாமல்.

நான் நடைபாதை என்று குறித்த இடத்தில்
ஊன்றுகோலை நிறுத்தி
அதன்மேல் பேனாவால் ஒரு கோடு கிழித்தாய்.
முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே.
"இவ்ளோ உயரம் ஏறணும். இத எங்க எழுதுவ?"
அதற்கும் ஒரு பெட்டி இருந்தது.
மூன்று வருஷமாக வரைகிறேன்,
திறந்ததில்லை.

அப்புறம் ட்ரான்ஸ்ஃபார்மர்.
அப்புறம் ஒரு நகைக்கடையின் படி,
கிரானைட், தண்ணீர் பட்டால் வழுக்கும்.
தளம்: பேவர் பிளாக், பதினாறு மீட்டர் வரை.
அதற்கப்புறம் கேபிள் புதைத்தவர்கள்
மூடியும் மூடாமலும் விட்டுப்போன மண்.
சாக்கடை மூடி இருக்கவேண்டிய இடத்தில்
யாரோ செருகிவைத்த வேப்பங்கொப்பு.
பார்த்துப் போங்க என்பதற்கு
நம்மூர் எழுத்து அது.

நாலு மணிக்குப் பாவாயி அக்கா
தட்டுவடை செட் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.
நாலு மணி வரை அது பாதை.
அப்புறம் பீட்ரூட் துருவல், காரச் சட்னி,
எட்டுப் பேர் நிற்கிற இடம்.
தடை என்று போடப் போனேன்.
"மேப்புல எம்பேரு வருமா?" என்றார்.
தடையை அழித்தேன். கடை என்று போட்டேன்.
நீ ஒரு செட் தின்று முடித்து
ரோட்டில் இறங்கி அவரைச் சுற்றிக்கொண்டு போனாய்.
பின்னால் பஸ் ஹார்ன் அடித்தது.
இதை எப்படி வரைவது என்று
எனக்கு இன்னும் தெரியவில்லை.

ராத்திரி உட்கார்ந்து இணைத்தேன்.
தனிக் கோட்டில் ஓர் ஆபத்து உண்டு,
சாலையோடு முடிச்சுப் போடாவிட்டால் அது தீவு.
உள்ளே போனவர் வெளியே வரமுடியாது.
கடக்கிற இடத்தில் ஒரு புள்ளி வைக்கவேண்டும்.
வெள்ளைப் பட்டை தேய்ந்து காணாமல்போன இடத்தில்
வைக்கலாமா?
ஜனம் கடக்கிறதே.
வைத்தேன்.

பூங்கா மதிலுக்கும் காலி மனைக்கும் நடுவில்
பள்ளிக்கூடப் பிள்ளைகள் மிதித்தே உண்டான
ஒற்றையடிப் பாதையையும் சேர்த்தேன்.
வியாழக்கிழமை அது இல்லை.
எந்த ஊர்க்காரரோ நீக்கிவிட்டு
காரணம் எழுதியிருந்தார்:
செயற்கைக்கோள் படத்தில் எதுவும் தெரியவில்லை.
தெரியாதுதான். மேலே புங்கமரம்.
மறுபடி வரைந்தேன்.
ஆதாரம் என்ற கட்டத்தில்
'நடந்தேன்' என்று எழுதினேன்.

இன்று காலை உன் போன் முதல்முறையாக
பஸ் ஸ்டாப்பிலிருந்து உன் கடைக்கு வழி சொன்னதாம்.
முந்நூற்று நாற்பது மீட்டர். நான்கு நிமிடம்.
வழி சரி என்றாய்.
சாக்கடைக்கு முன்னாலேயே எச்சரித்தது என்றாய்.
நான்கு நிமிடம் யாருக்கு என்றாய்.
உனக்குப் பதினொன்று ஆனது.
மழையென்றால் பதினைந்து ஆகும்.

அந்தக் கணக்கு என் கையில் இல்லை, முனவ்வர்.
யாரோ எங்கிருந்தோ எழுதிவைத்தது,
ஏற்காட்டு மலையைக் காலையில் ஏறிவிட்டு
டிபனுக்குள் இறங்கிவிடுகிற கால் உள்ள யாரோ.
அவருக்கும் ஒரு கடிதம் எழுதுவோம்.
அதற்குமுன் ஞாயிறு வா.
கோட்டில் போட்ட பேனாக்குறி அழிந்திருந்தால்
ஆணியால் கீறிக்கொண்டு வா.
வலப்பக்கம் அப்படியே பாக்கி.