கண்ணாடி பார்க்கக் கண்ணாடி

விடியப்புறம் கட்டிலில் தேடிக்கொண்டே
அதன்மேல் இருந்துவிட்டேன்.
ஒடிந்த தண்டைப் பிளாஸ்டரால் சுற்றி
களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறி
கல்முனைக் கடைப்படிக்கு வரும்போது பதினொரு மணி.
பவரும் அதுதான்.

வலது மைனஸ் பதினொன்று, இடது பத்தே முக்கால்.
துண்டை வாசித்த சிபானியா முகத்தை மாற்றவில்லை.
தொழில் தெரிந்தவள்.
"என்ன மாதிரி வேணும் அக்கா?"

வடிவா இருக்கவேணும், என்றேன்.
முப்பத்தெட்டு வயதில் அந்தச் சொல்லுக்கு
ஒருதரம் செருமவேண்டி இருந்தது.
இதுவரை நான் கேட்டதெல்லாம்
பாரமில்லாதது, மலிவானது, கெதியாய்க் கிடைப்பது.

பதினாறு பிறேம்களைப் பரப்பினாள்
கீரிமீன் கூறு வைப்பதுபோல.
அதில் ஒன்று ஊதா, பூனைக்கண் வெட்டு.
எடுத்தேன். பழையதைக் கழற்றினேன்.

கடை போய்விட்டது.
சுவர்க் கண்ணாடி போய்விட்டது, அதற்குள் நின்றவளும்.
பழுப்பாய் ஒரு நீளம்,
நடுவே ஊதாவாய் ஒரு சந்தேகம்.
கிட்டப் போனேன், இன்னும் கிட்ட,
மூக்கு முட்டி மூச்சில் புகார் படியும்வரை.
ஒரு கண் தெரிந்தது.
அந்த ஒரு கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது.

கண்ணாடி பார்க்கக் கண்ணாடி வேண்டும்.
கண்ணாடி போடக் கண்ணாடி கழற்றவேண்டும்.
வாய்விட்டுச் சொன்னேன் போல.
சிபானியா சிரிக்காமல் போனை எடுத்தாள்.

பதினாறு தரம் "இஞ்ச பாருங்க அக்கா."
எந்த இஞ்ச?
குரல் வந்த பக்கம் பார்த்தேன்.

பிளாஸ்டரை மறுபடி காதில் கொளுவி
விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.
பதினாறு பெண்கள்.
நான் கிராம அலுவலர்.
படத்தில் இருப்பவர் இவர்தான் என்று
கிழமைக்கு முப்பது முகத்துக்கு முத்திரை குத்துபவள்.
இவர்களுக்குக் குத்தமாட்டேன்.

இவர்களுக்குக் கண் பெரிது.

அடையாள அட்டைக்கு ஒருதரம் கழற்றச் சொன்னார்கள்.
அதில் நான் லைட்டில் அகப்பட்ட முயல்.
இது அப்படியில்லை. ஊதாவுக்குள்
ஈரமாய், எதையும் பார்க்காமல், இரண்டு கண்.
ஆறு வயதில் லென்ஸுக்குப் பின்னால் போனவை
இந்த அளவிலேயே இருந்திருக்கின்றன
எனக்கொரு சொல் சொல்லாமல்.

"இதுதான்" என்றேன்.

கொஞ்சநேரம் பேசாமல் நின்றாள்.
பிறகு ஊதாவின் வெற்றுப் பிளாஸ்டிக்கை நகத்தால் தட்டினாள்.
"இதுக்குள்ள உங்கட பவர் போனா
கண் சின்னனாகும் அக்கா. கன்னம் உள்ளுக்கு வெட்டுப்படும்.
ஓரம் சோடாப் போத்தல் அடி மாதிரி வரும்.
விக்கிறதெண்டா எனக்கு இதிலதான் லாபம்.
மறுகா வந்து ஏசுவீங்க."

நீட்டியது இன்னொன்று. சிறியது,
வட்டத்துக்குக் கொஞ்சம் குறை, கறுப்பில் தடித்த விளிம்பு.
கண்மணி லென்ஸின் நடுவில் நிற்கவேணும் என்று
மூக்குக்கு மேலே ஸ்கேல் பிடித்தாள்.
படத்தில் அவள் ஒன்பதாவது பெண்,
ஊதாவுக்கு அடுத்தவள். பார்க்காமலே தள்ளியிருந்தேன்.
பாடசாலை அதிபர் போல.
கோபம் வராத அதிபர்.

"தசம் ஏழு நாலு போட்டா மெல்லிசா வரும். அறுபத்திரண்டு."
"தசம் ஆறு ஏழு?"
"முப்பத்தெட்டு."
சீட்டு விழ இன்னும் மூன்று மாதம்.
முப்பத்தெட்டு என்றேன், வயதைச் சொல்வதுபோல.
ஐயாயிரம் முற்பணம். வெள்ளிக்கிழமை வரச்சொன்னாள்.
படங்களை அழிக்கவா என்று கேட்டாள்.
பதினைந்தை, என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் யன்னலோரம் கிடைத்தது.
பாண்டிருப்பில் கழற்றி மடியில் வைத்தேன்.
கடைகள் கரைந்தன. எதிரே வந்த லொறி
பப்படமாய்ப் பொரிந்து போனது.
நடத்துனர் தந்த மிச்சத்தை எண்ணாமல் வாங்கினேன்.
பக்கத்தில் யாரோ கம்பியைப் பிடித்து நின்றார்கள்,
ஆணோ பெண்ணோ, என்னையோ யன்னலையோ.
மருதமுனை தாண்டும்வரை போடவில்லை.
பார்க்கட்டும்.