விகுதி

ஈரோட்டில், வியாழக்கிழமைகளில் மட்டும்
மனித உரிமை நீதிமன்றம் என்று பலகை மாறுகிற அறை.
தட்டச்சு நான்.

வழக்கு இவ்வளவுதான்.
செம்மாண்டம்பாளையத்தில் நிற்கிற டவுன் பஸ்
அரைக் கிலோமீட்டர் தள்ளி
கிளுவ வேலி முடிகிற இடத்தில்,
தெற்கு வளவில், நிற்பதில்லை.

நிற்காத பஸ்ஸை எப்படி நிரூபிப்பது?
நின்றிருந்தால் டயர்த் தடம் இருக்கும்
கிழித்த டிக்கெட் இருக்கும்.
நிற்காததற்கு மூஞ்சியில் அடித்த புழுதி ஒன்றுதான்.
அதையும் மில்லுக்குப் போய்க் கழுவியாயிற்று.

மகுடேஸ்வரி ஒரு நோட்டுக் கொண்டுவந்தாள்.
மகளுடைய பழைய கணக்கு நோட்டு, பின்பக்கத்திலிருந்து.
தேதி. நேரம். கை காட்டினேன். போய்விட்டது.
நூற்று நாற்பத்திரண்டு போய்விட்டது.
நடுவில் ஆடி மாதம் ஒருநாள்: நின்றது.

'அதை எதுக்கு எழுதினே?' என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.
'நின்னுதுங்க. அதனால எழுதுனேனுங்க.
அன்னைக்கு வேற டிரைவருங்க.'

பிறகு டிக்கெட் மெஷின் கணக்கு வந்தது.
ஸ்டேஜ் பதினொன்று, பத்து மாதமாகப் பூஜ்ஜியம்.
இவள் வக்கீல் அதைச் சுண்டுவிரலால் தொட்டுக் காட்டினார்.
அவரும் எழுந்து அதே பூஜ்ஜியத்தைத் தொட்டார்:
ஏற ஆளில்லாத இடத்தில் எதற்கய்யா நிறுத்துவது?
நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பாகுபாடு என்றால்
இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்ட வேண்டுமாம்.
மற்றதெல்லாம் ஒன்றாக இருந்து
நடத்துகிற விதம் மட்டும் வேறாக இருக்க வேண்டுமாம்.
அப்படி யாரைக் கொண்டுவந்து நிறுத்துவது என்று
இவள் வக்கீல் கட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

சாப்பாட்டுக்குப் பின் டிரைவர் அர்த்தநாரி கூண்டேறினார்.
அதே கூண்டு. அதே சத்தியம்.
'சொல்லுங்க, எத்தனை வருசமா ஓட்டறீங்க?'
காலையில் இதே வாய்,
'சொல்லு, நீ எங்க நின்னே?'
'வெள்ளவேலா மரத்தடியிலீங்க.'

நான் அடித்தது:
எத்தனை ஆண்டுகளாக ஓட்டுகிறீர்?
நீர் எங்கு நின்றீர்?
வெள்வேல மரத்தடியில்.

பழக்கம். பேச்சு வழக்கு பதிவில் வரக்கூடாது.
இருபத்தாறு வருசமாக வெட்டிப்போட்ட 'ங்க'வையெல்லாம் கூட்டி அள்ளினால்
பனியன் கம்பெனி வேஸ்ட் துணி மாதிரி
மூட்டை மூட்டையாகக் கட்டலாம்.
யாரும் ஆட்சேபிக்கவில்லை. காகிதத்தில் எல்லாரும் சமம்.

பொழுதோட கையெழுத்து.
அர்த்தநாரி முதலில் வந்தார். 'இங்கீங்களா?'
'ஆமாங்க, இங்க போடுங்க.'

அவள் நின்றபடி முழுக்கப் படித்தாள்.
விரல் ஒரு வரியில் நின்றது.
'என்னையும் நீர்னு போட்டிருக்குதுங்களா?'

'ஆமா,' என்றேன்.
'இங்க போடு.'