ஆறு மெகாஹெர்ட்ஸ்

பார்னுவில் பிப்ரவரி. கடல் உறைந்துவிட்டது.
மேசையில் இரண்டு பெட்டிகள்.
சாம்பல் நிறத்தது மலிவு. மற்றதன் விலையை
ஹில்லர் சத்தமாகச் சொல்வதில்லை.

அது நாற்பது மெகாஹெர்ட்ஸில் ஓடுமாம்.
நாலு வாய், ஒரே நேரம் நாலு பலகை.
விற்க வந்த ராய்வோ காப்பியைக் கலக்கிக்கொண்டே
வேகம் என்ற சொல்லை ஒன்பது முறை சொன்னார்.
எண்ணியது நான்தான்.

எங்கள் சில்லுகளோ
பற்றாசுக் குண்டுகளை வயிற்றுக்கடியில் மறைத்துப்
படுத்திருக்கின்றன.
ஊசி நுழையாது. கண்ணும் நுழையாது.
ஓரத்துச் செல்கள் ஒன்றின் காதில் ஒன்று
பிட்டைக் கைமாற்றிக் கைமாற்றி
கடைசி வாசலில் வந்து சொல்ல வேண்டும்,
எது ஒட்டவில்லை என்று.

குளிர் அறைக்குள் பலகை. சுவரைத் தாண்டி
இரண்டு மீட்டர் கேபிள்.
நாற்பதில் உளறியது.
இருபதில் நம்பும்படி பொய் சொன்னது.
ஆறில்தான்
மாரிக்கா திரையிலிருந்து நிமிர்ந்தாள்:
"யூ-ஏழு, எஃப் வரிசை, மூன்றாம் குண்டு.
தொடவே இல்லை."

சாம்பல் பெட்டியும் ஆறில் அதையேதான் சொன்னது,
ஒற்றை வாயால்.

கொள்முதல் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில்
எழுதினேன்:
பலகைக்குக் காது கேட்கும் வேகம் இவ்வளவுதான்.

ஹில்லர் அதை அடித்துவிட்டு
'விலை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.