கெரியான் ஆற்றுக்கு அப்பால்

புக்கிட் மெர்தாஜமில் ஏறினோம், ஏழு பேர்.
கார்டு முதலிலேயே சொல்லிவிட்டார்:
பெட்டிக்குள் ஒலிபெருக்கி கூடாது, கொடியும் கூடாது.
சலவைக்குப் போகும் வேட்டிபோல்
கொடியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டான் கோவேந்தன்.

என் வேலை மொழிபெயர்ப்பு.
வேட்பாளர் ரஷிடி மலாயில் பத்து வாக்கியம் பேசுவார்.
நான் தமிழில் மூன்றாக்குவேன்.
கொமுட்டர் ஒரு நிலையத்தில்
முழுதாய் ஒரு நிமிடம்கூட நிற்காது.
கதவில் ஒரு கால், தளத்தில் ஒரு கால்,
ஒரு கும்பிடு, ஒரு சலாம், கையில் அகப்பட்ட துண்டறிக்கை.

சிம்பாங் அம்பாட்.
துடைப்பத்தோடு நின்ற பெண்ணின் சட்டையில்
பெயர் தைத்திருந்தது: தவமலர்.
"குத்தகைக்காரன் மாறி நாலு மாசம்.
பழையவன் கட்டாத இபிஎஃப் காசை
நான் யாருகிட்ட போய் கேக்கறது, ஐயா?"
என்னிடம் அல்ல, அவரிடம்தான் கேட்டார்.
கதவு பீப் பீப் என்று அவசரப்பட்டது.
ரஷிடி என் முகத்தைப் பார்த்தார்.
"வாழ்த்துகிறார்" என்றேன்.
மகிழ்ந்து கையசைத்தார்.
துடைப்பம் அசையவில்லை.

பிறகு செம்பனை, செம்பனை,
ஒரு கோயில் கோபுரத்தின் முதுகு, மறுபடி செம்பனை.
அந்த ஒற்றைச் சொல்
பல்லிடுக்கில் நாராய்ச் சிக்கியிருந்தது எனக்கு.

நிபோங் திபாலில் இறங்க வேண்டும்.
அங்கேதான் மாலை, உறுமி, கிளைத் தலைவர்,
இருநூறு பொட்டலம் மீகூன்.
பள்ளிப் பையன் ஒருவனோடு ரஷிடி செல்ஃபிக்குச் சிரிக்க
கதவு மூடிக்கொண்டது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
உறுமிக்காரன் எங்களைப் பார்த்து அடித்தபடியே
சிறுத்துப் போனான்.

கெரியான் ஆறு. பாலம்.
அக்கரை பேராக்.
அங்கே எங்களுக்கு ஓர் ஓட்டும் இல்லை.

பாரிட் புந்தாரில் அடுத்த ரயிலுக்கு முக்கால் மணி.
யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.
ரஷிடி பீசாங் கோரெங் வாங்கிவந்து
பையை என் பக்கம் நீட்டினார்.
வேட்பாளர் சட்டையில் எண்ணெய்; துடைக்கவில்லை.
தண்டவாளத்தைப் பார்த்தபடி கேட்டார்:
"அந்த அக்கா வாழ்த்தவில்லை, இல்லையா?"
இல்லை என்றேன்.
"முழுசாகச் சொல்."
சொன்னேன்.
சுருக்காமல், 'ஐயா'வைக்கூட விடாமல்.
மலாயில் அது இன்னும் நீளமாக இருந்தது.

பதிலென்று அவரிடம் எதுவும் இல்லை.
எண்ணெய் ஊறாத ஓரமாய்ப் பார்த்து
பையைக் கிழித்து, பேனா கேட்டு,
பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னார்.
த. வ. ம. ல. ர்.

திரும்பும் ரயிலும் சிம்பாங் அம்பாட்டில்
ஒரு நிமிடத்துக்குக் குறைவாகத்தான் நிற்கும்.
ஆற்றுப் பாலத்திலேயே எழுந்து
கதவருகே போய் நின்றுகொண்டேன்.