ஆயுதம் என்ற கட்டம்

திருத்துறைப்பூண்டி அரசு மருத்துவமனை,
அவசரப் பிரிவு, இரவுப் பணி.
பதிவேட்டில் நீளம், அகலம், ஆழம்
நான் அளந்து எழுத வேண்டும்.
ஆயுதம் என்ற கட்டத்தில்
வந்தவர் சொன்னதை எழுத வேண்டும்.
'தெரிந்த நபர், தெரியாத பொருள்'
என்றுதான் பாதிப் பேர் சொல்வார்கள்.

வீச்சரிவாளுக்குத் தடை வந்து
இந்தக் குறுவையோடு பதினோரு மாதம்.
ஒன்பது அங்குலத்துக்கு மேல் கூடாது.
வயலுக்குத்தான் என்றால்
பட்டறையில் ஆதார் நகல் கொடுக்க வேண்டும்.

முதல் வாரம் ஏட்டு மாசிலாமணி
பிளாஸ்டிக் ஸ்கேலோடு பஸ் ஸ்டாண்டில் நின்றார்.
இளநீர்க்கடை ஜெகபரின் அரிவாள்
பத்தேகால்.
மறுநாள் முனையை வெட்டி ராவிக்கொண்டு வந்தார்,
ஒன்பது சரியாக இருந்தது.
மூன்று வெட்டில் திறந்த இளநீர்
இப்போது நான்கு கேட்கிறது, அவ்வளவுதான்.

கொல்லணும்னு முடிவு பண்ணினவனுக்கு
பீர் பாட்டில் போதாதா,
மண்வெட்டியையும் தடை பண்ணுவாங்களா
என்றுதான் கேன்டீனில் நானும் பேசினேன்,
டாக்டர் ஜெசிந்தா
பழைய பதிவேட்டை எடுத்து மேசையில் போடும்வரை.

போன வருஷம் சம்பா.
மதகுப் பலகையை ராத்திரி யார் தூக்கியது
என்பதில் தொடங்கியது.
ரெத்தினவேலின் கையைத் தனியாக
ஓர் உரச்சாக்கில் கொண்டுவந்தார்கள்.
தஞ்சாவூருக்கு அனுப்பினோம்.
மன்னார்குடி தாண்டவில்லை.

இந்த வருஷமும் அதே மதகு, அதே பலகை.
பக்கிரிசாமி வயிற்றில்
பழம் நறுக்கும் கத்தி, நான்கு அங்குலம்.
குடல் தப்பியது. பதினாறு தையல்.
எட்டாம் நாள் இட்லி கேட்டார்.
ஒன்பதாம் நாள்
குத்தியவன் எங்கே என்று கேட்டார்.

இதைத் தடையின் கணக்கில் எழுதுவதா,
குத்தியவனின் கைநடுக்கத்தில் எழுதுவதா?
அரிவாள், பதினொன்று இருந்த இடத்தில் மூன்று.
பாட்டிலும் கட்டையும் ஏறியிருக்கின்றன.
செத்தவர்கள் ஆறு பேர், இந்த வருஷம் நாலு.
இரண்டு பேரை வைத்து
எதையும் நிரூபிக்க முடியாது என்கிறார் டாக்டர்.
சரிதான்.
அந்த இரண்டு பேர் யாரென்று
எனக்கும் தெரியாது, அவர்களுக்கே தெரியாது.
இந்நேரம் எங்காவது
கொசுவை அடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள்.

ஒருவனை மட்டும் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.
மனைவியைப் பிரசவத்துக்குக் கூட்டிவந்த முத்தழகன்.
தேர் பேனரைக் கிழித்தவனைத் தேடிப் போகும் வழியில்
பட்டறைக்குப் போயிருக்கிறான்.
ஆதார் நகல் கேட்டார்கள்.
ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை.
பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு
கடைக்காரப் பெண் மோர் கொடுத்தாளாம்.
முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தபோது
ரேஷன் கார்டை இரண்டு காப்பி எடுத்துக்கொண்டு
வீட்டுக்கு வந்துவிட்டான்.
பிரசவ வார்டு வாசலில்
சிரித்துக்கொண்டே இதைச் சொன்னான்.
வராதவர்களை எழுத
என் பதிவேட்டில் கட்டம் இல்லை.

இன்று இரவு இரண்டேகால்.
சௌந்தரவள்ளி, முப்பத்துநாலு வயது.
"வழுக்கி விழுந்துட்டேன்."
எதன்மேல்?
"அருவாமனை மேல."
பின்தோளிலா?
பதில் இல்லை.
வெளியே புருஷன்
வாட்ச்மேனிடம் தீப்பெட்டி கேட்டு நிற்கிறான்.

அருவாமனைக்குச் சட்டத்தில் அங்குலம் இல்லை.
அது எந்தப் பட்டறையில், யார் பெயரில்
வாங்கியது என்று யாரும் கேட்டதில்லை.
அவள் கல்யாணச் சீரில் வந்ததாக இருக்கும்.

போலீஸுக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்றேன்.
மூன்றாவது தையல்வரை பேசாதவள் கேட்டாள்:
"அருவாமனையையும் எடுத்துட்டுப் போயிடுவாங்களா சிஸ்டர்?
விடிஞ்சா பிள்ளைங்களுக்கு
எத வச்சு நறுக்குறது?"

நீளம் ஏழு சென்டிமீட்டர். அகலம் ஒன்றரை.
அடுத்த கட்டத்தில்
பேனாவை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.
மை ஊறி, புள்ளி பெரிதாகிக்கொண்டிருக்கிறது.