தத்தனேரி லைன்

கோரிப்பாளையம் சிக்னலின் ஹாரன்கள்
மூன்றாம் மாடிவரை ஏறி வரும்.
எக்கோ அறைக்குள் இருட்டு, ஏசி,
ஒரு நீலத்திரை.

பதினேழாவது டோக்கன். சோணைமுத்து, ஐம்பத்துநாலு.
இடுப்புயர டி-சாவியைக் கதவோரம் சாய்த்தார்.
வெளியே வைக்க மனமில்லை.
"மாநகராட்சிங்க. தண்ணி திறந்துவிடுற ஆளு."

இடப்பக்கம் சாய்ந்து படுங்கள்.
கை தலைக்கு மேலே.
ஜெல் சில்லென்றிருக்கும்.
மூச்சை விட்டு நிறுத்துங்கள்.

விலா எலும்புகளுக்கு நடுவே விரலகலச் சந்து.
அதற்குள் ஒலியை அனுப்பி
திரும்பி வருவதை வைத்து
ஆளை வரைகிற வேலை எனக்கு.
நான்கு அறைகளும் லேசில் அகப்படும்.
இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும்
அந்த முன்பக்க நாளம் மட்டும்
இளநீர் ஸ்ட்ராவைவிட மெலிசு,
துடிப்புக்குத் துடிப்பு நழுவும்.

அகப்பட்டது. சிவப்பாய் ஒரு கோடு.
டாப்ளர் ஒலியைத் திறந்தேன்.
ஷ்ஷ்… ஷ்ஷ்…
ஊருக்கெல்லாம் அழுத்தி அனுப்பும் நேரத்தில்
தனக்கென்று அதிகம் எடுத்துக்கொள்ளாது இதயம்.
தளர்கிற அரை விநாடியில்தான்
தன் பங்கைக் குடிக்கும்.

பாதி வழியில் சிவப்பு உடைந்தது.
மஞ்சள், பச்சை, நீலம், சில்லுச் சில்லாக.
அளவுகோலைப் பெரிதாக்கினேன்,
அலை அதையும் தாண்டியது.
ஒலி மெலிந்து விசிலானது.

முகம் மாறாமல் இருக்கப் பழகியிருக்கிறேன்.

"தாயி, அது என் சத்தமா?"
ஆமாம்.
"இப்பக் கூடிப்போச்சே."
மெஷின் அப்படித்தான், என்றேன்.

கண்ணை மூடிக் கேட்டார்.
ராத்திரி ரெண்டு மணிக்கு, செல்லூர்ச் சந்துகளில்
கம்பியின் ஒரு முனையைக் குழாயிலும்
மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பவர்.

"நல்லா ஓடுறப்பத் தண்ணி பேசாது.
எங்கிட்டாவது ஒடுங்குனாத்தான்
இப்பிடிக் கத்திக்கிட்டு ஓடும்.
வேகமா வருதுன்னு சனம் சந்தோசப்படும்,
அங்கிட்டுக் கடைசி வீட்டுல பாத்தா
சொட்டுத்தான்."

படத்தை நிறுத்தினேன். கர்சரை வைத்தேன்.
எண் எழுதினேன். துடைக்க டிஷ்யூ கொடுத்தேன்.

"இடத்தக் குறிச்சுட்டேல்ல?"
டாக்டர்தான் சார் சொல்வார்…
"அவரு சொல்லட்டும். நீ குறிச்சுட்டேல்ல?"
குறித்துவிட்டேன்.
"அது போதும். எங்காளுக, இடந்தெரியாமத்தான்
ரோடு பூராம் வெட்டுவாய்ங்க."

அவரே சிரித்துக்கொண்டார்.
மேல் பித்தானைக் கீழ்த்துளையில் மாட்டி
அவிழ்த்து, மறுபடி மாட்டினார்.

"நாலு மணிக்குத் தத்தனேரி லைன் திறக்கணும்.
அதுக்குள்ள விட்ருவாங்கள்ல?"

சாவியை வேறு யாரிடமாவது
கொடுத்தனுப்புங்கள் சார், என்றேன்.
நான் சொல்லக்கூடாததில்
அவ்வளவுதான் சொன்னேன்.

அதுவரை மாறாத முகம்
அப்போதுதான் என் பக்கம் திரும்பியது.

டைல்ஸ் தரையில் இரும்பு உரசிப்போன சத்தம்
லிஃப்ட் வரைக்கும் கேட்டது.
ஜெல் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தினேன்.
பதினெட்டு.